தலைவர் வீட்டு மொட்டை

உலகத்துப் பிள்ளைகளைக் கைபேசியின் பிடியிலிருந்து மீட்கும் மாபெரும் பொறுப்பை வரலாறு திருத்தணியிடம் ஒப்படைத்தது. திருத்தணி அதை என்னிடம் ஒப்படைத்தது. நான் நாகேந்திரன், ‘சிறார் கைபேசி விடுதலை இயக்க’த்தின் நிறுவனத் தலைவர். எங்கள் கூட்டங்கள் இரவு பகல் பாராமல் வாட்ஸ்அப்பில் நடக்கின்றன. சாப்பிடும்போதுகூட நான் கூட்டத்தைத் தவறவிட்டதில்லை. குழம்பில் கை, போனில் கண். தியாகம் என்றால் அதுதான்.

அப்பேர்ப்பட்ட வீட்டில், ஐந்தாவது படிக்கும் என் மகள் தீபா, பழைய போன் ஒன்றை வைத்துக்கொண்டு எந்நேரமும் தன் முகத்தையே படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முயல் காது வைத்த முகம், கிரீடம் வைத்த முகம். இயக்கத்தின் மானம் போகிற விஷயம். அவசர விசாரணை நடத்தினேன்.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“அதுல நான் அழகா கீறேன்னு சொல்றாங்க நைனா. வூட்ல யாரு என்னப் பாக்கறீங்க?”

“பாத்துகினுதானே கீறேன்?” என்றேன், துணைத் தலைவர் முஸ்தஃபாவின் காலை வணக்கத்துக்கு ஒரு பூங்கொத்து அனுப்பியபடி.

நோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் மலைமேல் இருக்கும் முருகனிடம் மேல்முறையீடு செய்தேன். ‘மகள் போனை விட்டால் ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை.’ யார் தலை என்பதைச் சொல்லவில்லை. நிர்வாக அனுபவம் உள்ளவர்கள் அப்படித்தான் வேண்டிக்கொள்வார்கள்.

என் மனைவி கமலாவுக்கு நிர்வாகம் புரியாது.

“வேண்டிகினது நீங்க, மொட்டை கொயந்தைக்கா? ஸ்கூல்ல கேலி பண்ண மாட்டாங்க?”

“என் முடி இயக்கத்தோட முகப்புப் படத்துல கீது கமலா. அது பொதுச்சொத்து.”

தீபா தன் பின்னலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “போன உட்டுடறேன் நைனா. மொட்டையும் போட்டுக்கறேன். ஆனா முடி எடுத்து முடிக்கிற வரைக்கும் நீ என்னையே பாத்துகினு இருக்கணும். அப்புறம் நான் அழகா கீறேனான்னு நீதான் சொல்லணும்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவள் போன் பீரோவுக்குள் போனது. ‘மகளை மீட்ட தலைவர்’ என்று குழுவில் நானே அறிக்கை வெளியிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று மலை முழுக்கக் காவடி. கமலா அர்ச்சனைத் தட்டு வாங்கப் போய்விட்டாள். தீபா மொட்டை போடும் மண்டபத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பின்னல் தரையில் விழுந்தபோது அவள் உதடு துடித்தது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று கையசைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பாராட்டுத் தீர்மானம். என்னைப் பாராட்டி! பதில் சொல்லாவிட்டால் நாகரிகமாக இருக்குமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கைகூப்பினேன்.

நிமிர்ந்தால் மண்டபம் நிறைய மொட்டைகள். எல்லாவற்றிலும் சந்தனம். ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து, “வா தீபா” என்று இழுத்தேன்.

“நான் விஷ்ணு, அங்கிள்!” என்று அது அலறியது. அதன் அம்மா என்னைத் தெலுங்கில் ‘வாழ்த்தினாள்’.

முடி எடுப்பவரிடம் ஓடினேன்.

“பாப்பா இன்னா கலர் டிரெஸ் சார்?”

அது தலைவர்களிடம் கேட்கிற கேள்வியா? போனைத் திறந்து அவள் படத்தைக் காட்டினேன்.

அவர் உற்றுப் பார்த்தார். “முயல் காதோட யாரும் இங்க வரலியே சார்.”

இவ்வளவு நெருக்கடியில் ஒரு சின்ன மொட்டை வேறு என் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் இழுத்தது.

“கொஞ்சம் தள்ளும்மா,” என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “என் பொண்ணத் தேடிகினு கீறேன்.”

“தேடுங்க,” என்றது அந்த மொட்டை. “நானும் எங்க நைனாவத்தான் தேடிகினு கீறேன். கெடைச்சா, நான் அழகா கீறேனான்னு கேக்கணும்.”