ஆடி பால், ஜூலை பால்

மன நிம்மதியின் விலை நாற்பத்தைந்து ரூபாய். 1983 சாரல் காலத்தில் தென்காசி லட்சுமிநாராயணன் அதை இழந்த விலை அது. வீட்டுப் பணப்பெட்டியில், கணக்கு நோட்டில் எழுதியிருந்ததைவிட அவ்வளவு கூடுதலாக இருந்தது.

குறைந்திருந்தால் யாரையாவது திட்டலாம். கூடினால் யாரைத் திட்டுவது? அவர் கூட்டுறவுப் பண்டகசாலையில் காசாளர். அங்கிருந்த பணம் சட்டைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டதோ என்று பையைத் தடவிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அங்கே தணிக்கை வேறு.

மனைவி விஜயத்தைக் கேட்டார். கணக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று கல்யாணமான மறுவாரமே அவர் போட்ட சட்டத்தை இருபது வருஷமாக மீறாதவள்.

"பெட்டியிலேர்ந்து நான் ஒரு காசு எடுக்கலை," என்றாள்.

நோட்டைப் புரட்டினார். 'மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டியவை' என்ற பக்கத்தில், ஜூலை ஒன்றில் பால் நாற்பத்தைந்து. ஆடி ஒன்றிலும் பால் நாற்பத்தைந்து; இரண்டும் செலவில் ஏறியிருந்தன. அப்பா காலத்துத் தமிழ் மாதமும் இவர் புகுத்திய இங்கிலீஷ் மாதமும் சம்பந்திகளைப் போல் முறைத்துக்கொண்டு நின்றன. ஒன்றை எழுதிவிட்டுக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம் என்று முடிவு கட்டினார்.

பால்காரி முப்பிடாதியம்மாளைக் கூப்பிட்டு நாற்பத்தைந்தை நீட்டினார். அவள் தயங்கினாள். கணக்கு பொய் சொல்லாது என்று கையில் திணித்து, அதையும் நோட்டில் ஏற்றினார்.

மறுநாள் பெட்டியை எண்ணினார். கூடுதல் தொண்ணூறு.

அன்று சோறு இறங்கவில்லை. கொடுக்கக் கொடுக்கப் பெருக இதென்ன அட்சய பாத்திரமா? சந்தேகமே இல்லை, பண்டகசாலைப் பணம்தான். வெள்ளிக்கிழமை, யாரும் வருமுன் போய் தொண்ணூறையும் பண்டகசாலைக் கல்லாவில் போட்டார். வீட்டுக் கணக்கு காசு பிசகாமல் நின்றது.

தணிக்கை அதிகாரி ராமசேஷன், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்துவிட்டே தென்காசிக்குத் தணிக்கை வைப்பவர். ஐந்தருவியில் குளித்த ஈரத்தலையோடு கல்லாவை எண்ணினார்.

"தொண்ணூறு ரூபா ஜாஸ்தி இருக்கே, ஓய். குறைஞ்சா எடுத்தீர்னு எழுதுவேன். கூடினா, எடுத்ததைத் திரும்ப வச்சீர்னு எழுதுவேன். திங்கட்கிழமைக்குள்ள விளக்கம் வரலேன்னா சஸ்பென்ஷன்."

வீடு திரும்பியவர் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்து, கணக்கு, கணக்கு என்று முனகினார். சாயங்காலப் பால் கொண்டுவந்த முப்பிடாதியம்மாள் செம்பை இறக்கி வைத்தாள்.

"பால் கணக்குக்கா சாமி இப்படி இருக்கிய? இந்த மாசம் மூணு நாப்பத்தஞ்சு குடுத்திய. ஒண்ணு எனக்குள்ளது. மத்த ரெண்டையும் அன்னன்னைக்கே அம்மாட்ட திருப்பிக் குடுத்தேன். அவிய சத்தங்காட்டாம பெட்டியில போட்டுட்டாவ. கணக்கு சரியாயிட்டு, சாமி."