மெத்தைச் சாமியார்

இடுப்பு விட்டுப்போகிற வலி. ஆனாலும் உட்காரக் கூடாதாம். உட்கார்ந்தால் துடிப்புச் சாமியாரின் அருள் தரையில் ஒழுகிவிடுமாம்! நின்றார்கள் கர்ப்பிணிகள், தெருமுனை வரைக்கும்.

சாமியார் பெண் முகம் பார்க்காத விரதக்காரர். அறை நடுவே தடித்த திரை. அதிலுள்ள ஓட்டை வழியாக ஒரு பித்தளைப் புனல் நீளும். போர்வை மூடிய வயிற்றில் அதை வைத்தால் பிள்ளையின் இதயம் அவரோடு பேசுமாம். காணிக்கையை மட்டும் நேருக்கு நேர், கண்ணாரப் பார்த்து வாங்குவார்.

"தாயோட சதை பிள்ளைக்கு மெத்தை. மெத்தை தடிச்சா இதயம் பத்திரம். ஸ்கேன் எடுத்தா மெத்தை கிழிஞ்சிடும்!" இதுதான் அவருடைய வைத்திய சாஸ்திரம் முழுவதும்.

வரிசையில் ஒருத்தி, சலவைக்கூடத்தில் ஈரத்துணி சுமப்பவள். ஏழாம் மாதம். முன்பிருந்தே கனத்த உடம்பு. நர்ஸ் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்: "எடை அதிகமா இருந்தா குழந்தை இதயத்துல குறை வர வாய்ப்பு கொஞ்சம் கூடும். எல்லாருக்கும் வராது, பயப்படாதே. ஆனா முன்னாடியே தெரிஞ்சா, பிறந்ததும் காப்பாத்தத் தயாரா இருக்கலாம்."

மாமியார் விடவில்லை. "சாமி சரின்னா போதும். மெத்தையைக் கிழிக்க விடமாட்டேன்."

கூட வந்த அண்ணன் லாரி ஓட்டுபவன். தொப்பையின் தயவில் அவனுக்குப் பெயர் 'டேங்கர்'.

"அத்தை, சாமி எல்லாம் அறிஞ்சவர்தானே?"

"அதுல என்ன சந்தேகம் தம்பி?"

"அப்ப தங்கச்சி உட்காரட்டும். நான் போய்ப் படுக்கிறேன்."

"அடப்பாவி! கண்ணு அவிஞ்சிடும்!"

"அவிஞ்சா லாரியை நீங்க ஓட்டுங்க."

அவன் படுத்துப் போர்த்திக்கொண்டான். மாமியார் பக்கத்தில் நின்றாள். புனல் தொப்பைமேல் இறங்கியது. உள்ளே சற்றுமுன் குடித்த சோடா உருண்டது.

"ஆகா! குதிரை மாதிரி ஓடுது இதயம்! ஏழு மாசப் பிள்ளை. இப்படியொரு மெத்தையை நான் கண்டதே இல்லை. ஸ்கேனே வேண்டாம் தாயி!"

"சரிங்க சாமி," என்றது கரகரத்த ஆண்குரல். "பிரசவத்துக்கு எத்தனை நாள் லீவு போடணும்?"

மாமியார் திரையைப் பிடித்து இழுத்த இழுப்பில் கம்பியே கழன்று வந்தது. புனலின் மறுமுனை சாமியார் காதில் இல்லை, மடியில் கிடந்தது. கை காணிக்கைத் தட்டில்.

"என் பேரப்பிள்ளையோட இதயத்தை இவன்கிட்டயா கேட்க வந்தேன்!" என்று வெளியே மருமகளிடம் ஓடினாள். "எழுந்திரும்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

நடந்ததைக் கேட்டு வரிசையில் இன்னொருத்தி கைகூப்பினாள்: "ஆம்பளை வயித்துலயே பிள்ளையை வரவழைச்சிட்டாரே! என்ன சக்தி, என்ன சக்தி!"

அம்மணி, சாமியார் பின்வாசல் வழியாக ஓடி வெகுநேரமாகிறது. அறிவைக் கழற்றி யாருடைய தட்டில் போட்டாய்? உன் பிள்ளையின் இதயத்துக்கு நீ தரவேண்டிய பரிசோதனை இன்னும் பாக்கி.