அப்பாவின் கணுக்கால் சுளுக்கிய வரலாறு

பேரன்பும் மரியாதையும் நிறைந்த பெரியப்பாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உண்மையை மட்டுமே எழுதுவதென்று தொடங்கிவிட்டதால், அப்பாவின் இடது கணுக்கால் நீங்கலாக அனைவரும் நலம்.

அந்தக் கணுக்காலைப் பற்றித்தான் நீங்கள் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். குளியலறையில் வழுக்கிவிட்டதாக அப்பா சொன்னாராம். அம்மாவோ, "உங்க தம்பியையே கேளுங்க" என்று சொல்லிச் சிரித்தாராம். அதனால் வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளான என்னை எழுதச் சொன்னீர்கள். நம்பிக்கைக்கு நன்றி. குளியலறைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முழுக் காரணமும் என் உடற்கல்விப் பாடம்தான்.

நான் அதை விருப்பப்பாடமாக எடுத்தபோது, "குதிக்கிறதுக்கும் ஓடுறதுக்கும் எதுக்கும்மா பாடப்புத்தகம்?" என்று கேட்டீர்கள். பெரியப்பா, அது தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தடிமனான புத்தகம். தசைநார்களில் எத்தனை வகை, ஓடும்போது இதயம் என்ன செய்கிறது, தோற்ற அணியின் மனம் என்ன பாடுபடுகிறது, எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்துத் தேர்வில் நான்தான் வகுப்பில் முதல். செய்முறையில் மட்டும் நிலைமை வேறு. விளையாட்டு வகுப்பில் எல்லோருடைய கைக்கடிகாரங்களும் என் கையில்தான் இருக்கும். பந்து என்னை நோக்கி வந்தால், அது எந்தக் கோணத்தில் வருகிறது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும். பிடிக்கத்தான் முடியாது. எங்கள் உடற்கல்வி ஆசிரியரை மாணவர்கள் 'விசில்' என்று கூப்பிடுவார்கள். அவர் விசில் வைத்திருப்பதே இல்லை, குரலே போதும். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீ புஸ்தகத்துல புலி. மைதானத்துல பூனைகூட இல்ல. செய்முறையில தேறலேன்னா அடுத்த வருஷம் உனக்கு இந்தப் பாடம் கிடையாது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு வேறு பாடம் வேண்டாம் பெரியப்பா. ஓட்டப்பந்தயத்தில் ஒருத்தி கடைசி வளைவில் எப்படி வேகம் கூட்டுகிறாள், அவளைவிட உயரமான இன்னொருத்தி ஏன் அதே இடத்தில் துவண்டுபோகிறாள் என்று தெரிந்துகொள்வதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆடத் தெரியாதவர்களுக்கும் செய்முறையில் ஒரு வழி உண்டு. ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து ஆறு வாரப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்திலும் முடிவிலும் அவருடைய தாங்குதிறனைச் சோதிக்க வேண்டும். பயிற்சி எதுவும் செய்யாத இன்னொருவரையும் அதே போலச் சோதித்து, இரண்டையும் ஒப்பிட்டு, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் விளக்க வேண்டும். எனக்கு இது அல்வா மாதிரி இனித்தது. நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தே இருக்கும் அப்பாவைவிடப் பயிற்சிக்குத் தகுதியான உடம்பு வேறு எங்கே கிடைக்கும்? அப்பாவைக் கேட்டேன். "என் பொண்ணு படிப்புக்காக நான் மலையே ஏறுவேன்" என்றார். மலை தேவையில்லை, பூங்காவைச் சுற்றி ஓடினால் போதும் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் வாக்கு வாக்குதான்.

பயிற்சி செய்யாத ஆளாக அம்மாவைப் போட்டேன். புத்தகத்தில் அவருக்கு 'ஒப்பீட்டு ஆள்' என்று பெயர். இந்த இடத்தில்தான் நான் அளவுக்கு மீறி ஒழுங்காக நடந்துகொண்டேன். "அம்மா, இந்த ஆறு வாரமும் நீங்க உடம்பை வருத்துற மாதிரி ஒண்ணும் செய்யக் கூடாது. செஞ்சீங்கன்னா முடிவு தப்பாயிடும்" என்று சொன்னேன். அம்மா கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒண்ணுமேவா?" என்று கேட்டார். "ஒண்ணுமே." துடைப்பத்தை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தார். "ஏங்க, கேட்டுக்கிட்டீங்களா? நான் ஒப்பீட்டு ஆளாம். பெருக்கினா பரிசோதனை கெட்டுடுமாம்." அப்பா, "அப்ப எனக்கு ஆறு வாரம் தண்டனை, உனக்கு ஆறு வாரம் லீவா?" என்றார். "நான் என்ன பண்றது? அறிவியல் அப்படிச் சொல்லுது" என்று அம்மா காலை நீட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாத்திரம், துணி, பெருக்கல், துடைத்தல், காய்கறி வாங்கி நான்கு மாடி ஏறுதல் எல்லாம் அப்பா தலையில் விழுந்தன. நான் உதவப் போனால், "நீ படி, பரீட்சை உனக்கு" என்று துரத்துவார். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை முடிந்து முன்பெல்லாம் அரக்கப்பரக்க ஓடிவரும் அம்மா, இப்போது அவசரமில்லாமல் ஏழரை மணிக்கு வந்து, குளித்து, சோபாவில் சாய்ந்து, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்பார். அப்பா காலையில் பூங்காவில் ஓடுவார், இரவில் கரண்டியோடு ஓடுவார். வாரத்துக்கு வாரம் சுமையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது; கூட்டினேன். நான்காவது வாரத்தில் தூங்கி எழுந்த உடனேயே அப்பாவின் நாடித்துடிப்பு வேகமாக இருந்தது. அது உற்சாகத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூட்டினேன். (அது களைப்பின் அடையாளம் என்று அதே புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளிப் போட்டிருந்தது. நான் வரிசையாகப் படிக்கிற பழக்கம் உள்ளவள்.) ஐந்தாவது வாரம், கண் சோதிக்க வந்த ஒரு பெரியவரை எழுத்துகளை வாசிக்கச் சொல்லிவிட்டு அப்பா நின்றபடியே தூங்கிவிட்டார். அந்தப் பெரியவர் கடைசி வரி வரைக்கும் வாசித்து, பதில் வராததால் மறுபடியும் முதலிலிருந்து வாசித்து, கடைசியில், "தம்பி, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு போல, நான் கிளம்புறேன்" என்று போய்விட்டாராம்.

இப்படியாகச் சோதனை நாள் வந்தது. எங்கள் பள்ளி உள்ளரங்கத்தில் இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். ஒரு கருவி 'பீப்' என்று கத்தும். அதற்குள் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு ஓடிவிட வேண்டும். போகப் போக 'பீப்'புகள் நெருங்கி வரும். எட்ட முடியாதவர் விலக வேண்டும். முதல் சோதனையில் அப்பா சுமாராகவும் அம்மா அதைவிடச் சுமாராகவும் ஓடியிருந்தார்கள். இந்த முறை அப்பா புதுக் காலணியோடு வந்தார். தேர்வாளர் அம்மையார் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். என் வகுப்பு முழுக்க வேடிக்கை பார்க்க வந்திருந்தது. 'பயிற்சியால் தந்தையின் தாங்குதிறன் சிறப்பாக உயர்ந்தது' என்ற முடிவுரையை நான் முந்தின நாளே எழுதிக் கொண்டுவந்திருந்தேன். கையெழுத்து மிக அழகாக அமைந்துவிட்டது.

முதல் சில 'பீப்' வரை இருவரும் ஒன்றாகவே ஓடினார்கள். பிறகு அப்பாவின் மூச்சு அரங்கத்தின் கடைசி மூலை வரை கேட்டது. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். அப்பா ஓடிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பி, "ஏய், நீ எங்க போற?" என்று கேட்டார். "கோட்டுக்குப் போறேன்!" என்றார் அம்மா, நிற்காமல். அப்படித் திரும்பிய கணத்தில்தான் பெரியப்பா, அப்பாவின் இடது கால் ஒரு பக்கமும் மீதி உடம்பு மறுபக்கமும் போனது. விசில் ஆசிரியர் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். அப்பா தரையில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, அவளை முதல்ல நிறுத்துங்க சார்" என்றார். ஆனால் என் வகுப்பே கைதட்ட ஆரம்பித்துவிட்டது. "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று கத்தினார்கள். கருவியை நிறுத்திய பிறகுதான் அம்மா நின்றார். "முடிஞ்சுதா? அதுக்குள்ளயா?" என்று கேட்டார்.

தேர்வாளர் என்னிடம் வந்தார். "சரிம்மா, உன் முடிவு என்ன?" அழகான கையெழுத்தில் எழுதிய முடிவுரை என் கையில் இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்தேன். "பயிற்சி குடுத்தவர் பின்னால போயிட்டார் மேடம். ஓய்வு எடுத்தவங்க முன்னால வந்துட்டாங்க. நான் அப்பாவுக்குச் சுமையைக் கூட்டினேன், ஓய்வைக் கூட்டல. வீட்டு வேலையையும் கணக்குல சேர்க்கல. தப்பு திட்டத்துல, ஓடினவர்கிட்ட இல்ல. நல்ல ஓய்வு மட்டுமே கூட ஒருத்தரைத் தூக்கிவிடும்னு இதுல தெரியுது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏதோ குறித்துக்கொண்டார். மறுநாள் விசில் ஆசிரியர் தன் இயல்புக்கு மாறாக மெதுவாகப் பேசினார். "தேறிட்ட. நல்ல மார்க். வந்த முடிவை மாத்தாம சொன்ன பாரு, அதுக்கு. அப்பா கால் எப்படி இருக்கு?"

ஆகவே பெரியப்பா, உங்கள் தம்பியின் கால் வீணாகச் சுளுக்கவில்லை. ஒரு கண்டுபிடிப்புக்காகச் சுளுக்கியிருக்கிறது. அடுத்த ஆண்டும் எனக்கு உடற்கல்வி உறுதி. ஓய்வின் சக்தியை ஆதாரத்தோடு நிறுவிவிட்டதால், உங்களுக்கும் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். நாளை முதல் காலை நடையை அடியோடு நிறுத்திவிடுங்கள். படியேற வேண்டாம். பெரியம்மா எது சொன்னாலும் நான் சொன்னதாகச் சொல்லிச் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கத்தையும் முன்கூட்டியே என் மன்னிப்பையும் தெரிவியுங்கள். உங்கள் இருவரின் ஆசி என்றும் என் தலைமேல் இருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
உடற்கல்வி மாணவி

பின்குறிப்பு: பெரியப்பா, தயவுசெய்து காலை நடையை நிறுத்த வேண்டாம். உங்கள் முகவரியைச் சரிபார்க்க அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், அப்பா தூங்கிய இடத்தில் சிரித்தார், கண்டுபிடிப்பு வந்த இடத்தில் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே" என்றார். மருத்துவமனைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஷட்டில் ஆடும் கூடம் இருக்கிறதாம். அந்த ஆறு வாரமும் வேலை முடிந்ததும் கூட வேலை செய்யும் அக்காக்களோடு தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினாராம். ஏழரை மணிக்கு வந்ததன் காரணம் அதுதான். "முதல் ரெண்டு நாள் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்டி. என்னால முடியல. வீட்டு வேலையும் இல்ல, அவசரமும் இல்ல, கூப்பிட்டாங்க, போயிட்டேன். எத்தனை வருஷமாச்சு தெரியுமா நான் ஒரு மட்டையைப் பிடிச்சு? நீ தேறின சந்தோஷத்துல இருக்கும்போது எப்படிச் சொல்றது?" என்றார்.

 யோசித்துப் பார்த்தேன். பயிற்சிக்குப் பலன் உண்டு என்பது இதனால் சந்தேகமில்லாமல் நிரூபணமாகிறது. வேறு ஆள்மேல் நிரூபணமாகியிருக்கிறது, அவ்வளவுதான். நாளை காலை முதல் வேலையாக விசில் ஆசிரியரிடம் போய்ச் சொல்லப்போகிறேன். மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும். மறுபடி செய்யச் சொன்னால் செய்கிறேன். ஆள் தயாராக இருக்கிறார், நன்றாகவும் ஓடுகிறார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மார்க் போயிட்டா?" என்று கேட்டார். "வந்த முடிவை மாத்தக் கூடாதும்மா" என்றேன். என் தலையைக் கலைத்துவிட்டு, "நானும் உன்கூட வந்து சொல்றேன். இப்ப தூங்கு" என்றார். இந்த வரி கோணலாக இருந்தால் மன்னிக்கவும், அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.