வோக்கல் கட் போட்ட நிச்சயதார்த்தம்

குளத்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் திரு. தங்கமுத்து அவர்களுக்கு, உங்கள் அக்காள் செவந்தியின் கணவனும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருமான அடைக்கலம் எழுதிக்கொண்டது. இங்கே நான், செவந்தி, கல்யாணப் பெண் பரிமளா மூவரும் நலம். அங்கே நீங்களும் தங்கச்சி அருணாவும் உங்கள் உரக்கடையும் நலமாக இருக்கக் குன்றாண்டார்கோவில் சாமி பார்த்துக்கொள்வார். நீங்கள் போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை பிளாக் செய்ய வழியில்லை என்பதால் இந்தக் கடிதம்.

விஷயம் என்னவென்றால் மாப்பிள்ளை, நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பரிமளாவின் நிச்சயதார்த்த வீடியோ டிஸ்க் பார்க்கும்போது பாதியில் எழுந்து, குடித்த காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனீர்களே, அதற்கு நான் காரணமில்லை, டிஸ்க் பிளேயர்தான் காரணம். என் அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்த பிளேயர் அது. அதன் ரிமோட்டில் இருக்கிற பொத்தானை எல்லாம் அமுக்கிப் பார்த்தவன் இந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். 'ஸ்டேடியம்' என்று ஒரு செட்டிங் உண்டு, அதைப் போட்டால் சுப்ரபாதம் கிரிக்கெட் மைதானத்தில் பாடுகிற மாதிரி கேட்கும். 'பாஸ்' கூட்டினால் மேளச் சத்தத்துக்குப் பாத்திர அலமாரி குலுங்கும். ஒருநாள் எதிர்வீட்டு சோலையப்பன் வந்து, "என்னங்க, வீட்டுக்குள்ள நெல்லு மிஷினு போட்டிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'வோக்கல் கட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பாடுகிறவர் குரல் காணாமல் போய் வாத்தியம் மட்டும் நிற்கும், அந்த இடத்தில் நாம் பாடிக்கொள்ளலாம். செவந்தி சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்து நான் பாடுவேன். என் குரலைப் பற்றி உங்களுக்குத் தெரியும், கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பி டிக்கெட் கொடுத்த குரல். பாடிவிட்டு அந்த செட்டிங்கை மாற்ற மறந்துபோனேன், அவ்வளவுதான் நடந்தது.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள், டிஸ்க் ஓடியது, உங்கள் சீர் மண்டபத்துக்குள் வருகிற காட்சி வந்தது. மைக்கில் ஒருத்தர், "பெண்ணின் தாய்மாமன், குன்றாண்டார்கோவில் உரக்கடை அதிபர், அண்ணன் தங்கமுத்து அவர்களின் சீர்வரிசை வருகிறது, வழிவிடுங்கள்" என்று தொண்டை கிழியச் சொன்னாரே, அது ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. வாய் மட்டும் மீன் மாதிரி அசைகிறது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்த நேரம் பார்த்து, "சீரைவிட மேளம்ல பெரிசா இருக்கு! இந்த வாழைத்தாரு கல்யாணத்துக்குள்ளயாவது பழுக்குமா?" என்று ஒரு குரல் வீடு முழுக்கக் கேட்டது.

போட்டோக்காரர் அருள்மணியிடம் கேட்டேன். மைக் பேச்சு ரெண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் பதிவாகுமாம், வோக்கல் கட் அப்படி நடுவில் இருக்கிற குரலைத்தான் அழிக்குமாம், கேமராவுக்கு ஒரு ஓரமாக நின்று பேசியவன் பேச்சு அப்படியே நிற்குமாம். "நீங்கதான எடிட்டிங்ல பாட்டுப் போடாதேன்னு சொன்னீங்க, லைவ் சத்தத்தோட குடுன்னீங்களே" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். நான் நல்லதுக்குச் சொன்னேன், நான் சம்பந்தியை வரவேற்றுப் பேசியது பதிவாகட்டும் என்று சொன்னேன். அது கிடக்கட்டும். அந்தக் குரல் என் குரல் மாதிரி இருக்கலாம் மாப்பிள்ளை, ஆனால் நான் அப்படிப் பேசவே இல்லை. நான் 'சீர்' என்று ஒரு இடத்தில் சொல்லியிருப்பேன், 'பழுக்கும்' என்று வேறொரு இடத்தில் மாம்பழத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன். பிளேயரில் இருக்கிற 'சரவுண்டு சவுண்டு' இங்கிட்டு ஒரு சொல்லையும் அங்கிட்டு ஒரு சொல்லையும் பொறுக்கி ஒட்டவைத்துவிட்டது. இதை உங்க அக்காகிட்டச் சொன்னா, "கேக்குறவ கேணச்சியா இருந்தா பிளேயரு பேசும்"னு எந்திரிச்சுப் போயிருச்சு.

சிரிப்பதற்கில்லை. பரிமளா சாப்பிட மாட்டேங்குது. "மாமா வந்து கையப் பிடிச்சுக் கூட்டிப்போனாத்தான் மணவறைக்கு வருவேன், இல்லாட்டி கோபிநாத்த அவுக வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்லிருங்கப்பா"ன்னு சொல்லுது. கட்டிக்கப்போற அந்தப் பையன் என்ன பாவம் செஞ்சான்? கல்யாணத்துக்கு நாள் நெருங்கிருச்சு. தாய்மாமன் இல்லாம பொண்ண மணவறையில உக்கார வச்சா ஊரு என்னைய என்ன கேக்கும், எனக்குத் தூக்கமே இல்ல மாப்பிள்ளை. இப்ப வோக்கல் கட்ட எடுத்துட்டேன். மைக்குல ஒங்க பேரு கணீர்னு கேக்குது, வேற ஒரு சத்தமும் கேக்கல. ஒருதரம் வந்து கேட்டுப்பாருங்க, மெஷினு பொய் சொல்லும், அடைக்கலம் சொல்ல மாட்டான்.

தங்கச்சிக்கு என் அன்பும், உங்களுக்கு என் ஆசியும், உங்கள் கோபத்துக்கு என் கும்பிடும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சி. அடைக்கலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் செவந்தி ரிமோட்டைப் பிடுங்கி, வோக்கல் கட்டை மறுபடி போட்டு, நீங்கள் எழுந்துபோன இடத்திலிருந்து டிஸ்க்கை ஓடவிட்டாள். பந்திக் காட்சி. பாட்டுக் கச்சேரிக்காரர் குரல் காணாமல் போனது. கேமராவுக்குப் பக்கத்து இலையிலிருந்து, "மச்சான் வீட்டுச் சாம்பாருல பருப்பத் தேட டார்ச் லைட்டு அடிக்கணும் போலருக்கே" என்று ஒரு குரல். உரக்கடைக் குரல். செவந்தி சிரித்த சிரிப்பில் பரிமளாவும் வந்து உட்கார்ந்து சிரித்து, அங்கேயே சாப்பிட்டது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மெஷினு பொய் சொல்லாது மாப்பிள்ளை. நான் பேசினது நான் பேசினதுதான், நீங்க பேசினது நீங்க பேசினதுதான். ஒங்க வாழைத்தாரு இன்னைக்குத்தான் பழுத்துச்சு, தேனா இருக்கு, ஒங்களுக்கு ஒரு சீப்பு எடுத்து வச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்துருங்க. சாம்பாருதான். டார்ச் லைட்டு மட்டும் நீங்க கொண்டாங்க.