வெறுங்காலோடு ஒரு பிரதமர்

ஆம்பூரில் வருங்காலப் பிரதமரின் தந்தை ஒருவர் இருக்கிறார். பிரதமர் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள்; பெயர் மலர். தந்தையை எங்கள் தெருவில் எல்லோரும் 'வரலாறு' என்றுதான் கூப்பிடுவோம்.

மகள் நாட்டை ஆளப்போகிறாள் என்பதில் வரலாறுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அவருடைய கவலையெல்லாம் அவளுடைய இளமைப் பருவம் பற்றித்தான். நாளைக்கு யாராவது அவளைப் பற்றிப் புத்தகம் எழுத வந்தால், சொல்வதற்கு ஒரு கஷ்டமும் இல்லையே! வீட்டில் ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கிறது. மகள் வேனில் பள்ளிக்கூடம் போகிறாள்.

"இப்டி சொகுசா வளந்தா எவன் சார் படிப்பான்?" என்று என்னிடம் புலம்புவார்.

முதலில் வேனை நிறுத்தினார். பிறகு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். தோசை மாவு பொங்கி வழிந்ததும் மனைவி சுலோச்சனா திரும்பச் செருகிவிட்டாள். கடைசியில், பெரிய தலைவர்கள் எல்லாம் வெறுங்காலோடு நடந்து படித்தவர்கள் என்று சொல்லி, மகளின் ஷூவைப் பரண்மேல் தூக்கிப் போட்டார்.

இத்தனைக்கும் அவர் வேலை பார்ப்பது ஷூ கம்பெனியில்.

"ஊர் ஒலகத்துக்கே ஷூ பண்ற. பெத்த பொண்ணு வெறுங்கால்ல போவணுமா?" என்றாள் சுலோச்சனா.

"உனக்கு இன்னா தெரியும்? அதுலதான் மேட்டரே இருக்குது."

மறுநாள் காலை வண்டியில் போகும்போது பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் பிரதமர் அழுதுகொண்டு நின்றாள். ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். அன்றைக்கென்று பார்த்து கிளாஸ் லீடர் தேர்தல்; இவளும் நிற்கிறாள்.

"பெல் அடிக்கறதுக்குள்ள போலன்னா என் பேர எடுத்துடுவாங்க அங்கிள்."

கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே வரிசையாக உட்கார்ந்து ஷூ தைக்கிற லைனில் ஒருவர் எழுந்தால் அவருக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சூப்பர்வைசர் கத்தக் கத்த வரலாறு எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு ஓடிப் பரணைக் குடைந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு ஷூவைக் கொண்டுவந்தார். மண்ணில் மண்டியிட்டு லேஸ் கட்டினார். நாள் முழுக்க ஷூவோடு பழகுகிற கைதான். அன்றைக்கு முடிச்சு விழுவேனா என்றது.

"அழுவாதம்மா. அப்பன் பண்ணது தப்புதான். ஓடு."

பெல்லுக்கு முன்னால் போய்விட்டாள். சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"தோத்துட்டேன்பா."

முதல் தேர்தலிலேயே தோல்வி. புத்தகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மனிதர் ஆரம்பிக்கப்போகிறார் என்று எதிர்வாசலில் தயாராக நின்றேன். அவரும் வாயைத் திறந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தோள் உயரம் வளர்ந்த பெண்ணைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.