மூன்றாவது குரல்

இல்லாத ஆளைத் திட்டுவதில் உத்திரமேரூர் வட்டாரத்திலேயே கம்பி அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் பாட்டுக் குழுவில் அவர் வயலின், அவர் தம்பி செல்லோ, நானும் செல்வியும் பாட்டு. தந்திகள் கீர்த்தனை போல இழைய, மேலே நாங்கள் இரண்டு பேரும் பாப் பாட்டு பாடுவோம். ஆனால் அண்ணன் எந்தப் பாட்டையும் மூன்று குரலுக்குத்தான் எழுதுவார். மூன்றாவது குரலுக்கு ஒரு காலி நாற்காலி, ஒரு மைக். ஆள் எப்போது வரும் என்று கேட்டால், வந்தாயிற்று என்பார்.

மானாம்பதியில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டைப் பாதியில் நிறுத்தி, சுருதி இறங்குகிறது என்று நாற்காலியை வைதார். பெண்ணின் மாமா மிரண்டுபோய் நாற்காலிக்கும் ஓர் இளநீர் அனுப்பிவைத்தார்.

நீங்களே பாடுங்களேன் என்றால் பதறிப்போவார். சின்ன வயதில் பஜனையில் வாயைத் திறந்ததும் எல்லோரும் சிரித்தார்களாம். அதோடு சரி.

போன சித்திரையில் மூடிக் கிடந்த ரைஸ் மில் ஒன்றில் பதிவு வைத்தோம். உச்சி வெயில். வெளியே காக்கைச் சத்தம்கூட இல்லை. பாடி முடித்து ஹெட்போனில் கேட்டால், எங்கள் குரல்களுக்கு அடியில் இன்னொன்று. வார்த்தையில்லாமல், மூன்றாவது குரலுக்கு அண்ணன் எழுதி வைத்ததைப் பிசகாமல் முனகியது. செல்வி ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். கட்டடத்தின் எதிரொலி என்றேன்.

“எதிரொலின்னா நாம பாடுனதத்தான நைனா பாடும்?” என்றார் அண்ணன் அமைதியாக. “இது நாம பாடாததப் பாடிக்கினு கீது.”

செல்வி பையைத் தூக்கிவிட்டாள். அவள் போனால் குழுவே இல்லை. கெஞ்சி இன்னும் ஒரு தடவை பாடவைத்தேன்.

பாதியில் அவள் நின்றுவிட்டாள். என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். அண்ணன் காலி நாற்காலியையே பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். உதடுகள் ஒட்டியிருந்தன. தொண்டை மட்டும், தனியாக உயிருள்ள பிராணி போல, ஏறி இறங்கியது. குரல் அங்கிருந்துதான் வந்தது. அது அவருக்கே தெரியவில்லை. பேயாக இருந்திருந்தால்கூட அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

வாசித்து முடித்ததும், அது இன்று எப்படிப் பாடியது என்று எங்களிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி காதோரம், “சொல்லாதண்ணா. சொன்னா நிறுத்திடுவாரு,” என்றாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்து, “நல்லா பாடிச்சிண்ணா. அடுத்த பாட்டு இன்னா?” என்றாள்.

அண்ணன் முகம் மலர்ந்ததே, அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் பத்திரிகை படிப்பதில்லை. படிக்கிற நீங்களும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவர் பாடட்டும்.