நாலு கொம்புக் கிடாயும் முதல் சிரிப்பும்

எங்கள் மகள் ஷாண்டீனுக்கு இரண்டு மாதம் முடிந்த அன்று, இனி அவள் கண்ணில் படும்படி நிற்பதில்லை, பேசுவதில்லை, பல்லைக் காட்டுவதில்லை என்று என் கணவர் லீலண்ட் உறுதி எடுத்துக்கொண்டார். எழுந்து நின்று சொன்னார். கையில் பாதி தின்ற ரொட்டி.

காரணம் இதுதான். எங்கள் நவஹோ சனத்தில் ஒரு குழந்தையை முதன்முதலாக வாய்விட்டுச் சிரிக்க வைப்பவர்தான் விருந்து வைக்க வேண்டும். விருந்துக்கு வெட்டுகிற ஆடும் அவருடையதாகவே இருக்க வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் பிள்ளை கையால் உப்பு கொடுக்க வைப்பதும் அவரே. கொடுக்கிற கையாக வளரட்டும் என்றுதான். சிரிக்க வைத்தவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்றும் சொல்வார்கள்.

எங்கள் பட்டியில் ஆடுகளெல்லாம் என் அம்மா பேரிலும் என் பேரிலும். லீலண்டுக்கென்று இருப்பது ஒரே ஒரு கிடாய். அதற்கு நாலு கொம்பு. செப்டம்பர் கண்காட்சியில் பரிசு வாங்குமாம். தினமும் அந்தக் கொம்புகளுக்கு எண்ணெய் தடவுவார். என் தலைக்கு ஒரு நாளும் தடவியதில்லை.

வேலையில் இவர் சுற்றுலா வழிகாட்டி. ஒன்றரை மணி நேரம் செம்பாறை இடுக்குகளுக்குள் கூட்டிப்போய், மேலே காட்சி முனையில் நிறுத்திப் பள்ளத்தாக்கைக் காட்டி அனுப்புவார். வழியெல்லாம் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தப் பாறையில் ஒரு துண்டு கதவைத் திறந்து வந்த மாதிரி இருக்கும். பிள்ளையைத் தூக்குவதில்லை. ஒரு மாதம் இப்படியே போனது. அப்பா குரலே தெரியாமல் வளர்ந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது.

"கிடாகிட்ட பேசுறதுல பாதியாவது பிள்ளைகிட்ட பேசக் கூடாதா?"

"கிடா சிரிக்காது வெர்னா."

இப்படிப்பட்டவர் புதன்கிழமை தேனாகப் பேசினார்.

"நாளைக்கு வண்டியில ரெண்டு இடம் காலி. பிள்ளையத் தூக்கிட்டு நீயும் வாயேன். டெரலையும் கூப்பிட்டுக்க."

டெரல் என் தம்பி. கோமாளி. முப்பது ஆடு வைத்திருக்கிறான். எனக்குப் புரிந்துவிட்டது. "சரிங்க" என்றேன். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள எனக்கும் தெரியும்.

மறுநாள் எங்களோடு வெளியூர்க்காரர்கள் ஆறு பேர். எங்கள் வழக்கப்படி தொட்டில் பலகையில் வைத்துக் கட்டியிருந்த பிள்ளையை டெரல் மார்போடு பிடித்துக்கொண்டான். லீலண்ட் பத்தடி முன்னால், பிள்ளைக்கு முதுகைக் காட்டியபடியே நடந்தார்.

"இந்தப் பாறையப் பாருங்க. கழுகு மாதிரி தெரிஞ்சா உங்களுக்குக் கண்ணு நல்லாயிருக்கு. முறைக்கிற பொண்டாட்டி மாதிரி தெரிஞ்சா உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

ஆறு பேரின் சிரிப்பும் இடுக்கு முழுக்க உருண்டது. டெரல் நாக்கை நீட்டினான். ஆடு போல் கத்தினான். கண்ணை மூக்குப் பக்கம் கொண்டுவந்தான். பிள்ளை வழக்கு விசாரிக்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

"விடாத மச்சான். கழுதை மாதிரி கத்துவியே, அதைப் பண்ணு."

"தொண்டை போச்சு மாமா. இவ பார்க்குறதப் பார்த்தா எனக்கே அழுகை வருது."

காட்சி முனைக்கு ஏறினோம். கீழே பள்ளத்தாக்கு சிவப்பாகத் திறந்து கிடந்தது. நல்ல காற்று. டெரல் விளிம்புச் சங்கிலியை நோக்கி நகர்ந்தான்.

"நில்லுடா!" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏங்க, விளிம்புகிட்ட கைக்குழந்தைய வழிகாட்டிதான் தூக்கணும்னு உங்க சட்டம்தானே?"

"அது... வெளியாளுங்களுக்கு."

"இவ மட்டும் என்ன, உங்க வீட்டு ஆளா? ஒரு மாசமாத் தொடலையே!"

ஆறு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா படமெடுக்கக் கைப்பேசியைத் தூக்கினார். டெரல் பலகையை நீட்டினான். வேறு வழியில்லை. வாங்கினார்.

வாங்கிய உடனே முகத்தை இறுக்கினார். உதடு உள்ளே போனது. புருவம் இறங்கியது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். ஷாண்டீன் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தாள். முதலில் விக்கல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பலகையே குலுங்கும்படி ஒரு சிரிப்பு. நிற்கவேயில்லை.

"நான் ஒண்ணுமே பண்ணலையே!" என்று கத்தினார். அந்தக் குரலுக்கு இன்னும் பலமாகச் சிரித்தாள். அவருக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி, தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள். நான் பள்ளத்தாக்கைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும்போது வண்டியை டெரல் ஓட்டினான். லீலண்ட் பிள்ளையை யாரிடமும் தரவில்லை.

"என்னைப் பார்த்தா சிரிப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து நாளா இந்த மூஞ்சியோட நீங்க கதவத் தாண்டும்போதெல்லாம் சிரிக்கப்போற மாதிரி இவ உதடு துடிக்கும். நீங்கதான் திரும்பிப் பார்க்கல."

பிள்ளையை இன்னும் அணைத்துக்கொண்டார். "சரி, விருந்து வைக்கிறேன். ஆனா கண்காட்சி முடியட்டும். இப்ப அவசரமாக் கூப்பிட்டா யாரு வரப்போறா?"

"சனிக்கிழமை எழுபது பேர் வர்றாங்க. திங்கக்கிழமையே உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாச்சு."